பின்வளவுக் கொட்டில்

1

கடல் வந்த நாளை இங்கே உள்ளவர்கள் சாப்பிட்டு நினைவுகூருகிறார்கள். என்னைப் படிக்கவைக்கும் நிதியத்தின் ஆண்டு விருந்து, ஒவ்வொரு டிசம்பரிலும் நத்தார்ப் பண்டிகைக்கு முந்திய சனிக்கிழமை, இந்தச் சிறிய ஆங்கிலேயக் கடற்கரை நகரத்துத் தேவாலய மண்டபத்தில் நடக்கும். சுட்ட கோழியும் அவித்த உருளைக்கிழங்கும் இருக்கும். மேசைக்கு மேசை மெழுகுதிரி எரியும். இனிப்பு வருவதற்கு முன் நான் எழுந்து, சுனாமியன்று கடல் எங்கள் ஊருக்குள் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். சேலை உடுத்தியிருக்க வேண்டும். கட்டாயம் என்று யாரும் சொன்னதில்லை. முதல் வருடம் நான் கம்பளிச் சட்டையோடு போனபோது, நிதியத்தின் தலைவி மார்கரெட் அம்மையார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் அழகான உடுப்பைக் காணோமே" என்று கவலைப்பட்டார். அவ்வளவுதான்.

இந்த வருடம் நான் பேசுவதற்கு முன் அவர் திரையில் ஒரு படம் காட்டினார். எங்கள் வீட்டு முன்விறாந்தை. இரண்டு பிளாஸ்டிக் கதிரைகளில் அம்மாவும் அப்பாவும் இருக்கிறார்கள். அம்மா புதுச்சேலை. அப்பா சட்டையின் மேல் பொத்தானையும் பூட்டியிருக்கிறார். அடையாள அட்டைக்குப் படம் எடுக்கிறபோது வைத்திருக்கிற முகம் இருவருக்கும்.

"இவர்கள் தங்கள் சொந்த வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள்" என்றார் மார்கரெட் அம்மையார்.

மண்டபம் கைதட்டியது. எனக்குப் பக்கத்தில் இருந்த என் கடைசித் தங்கை வதனியும் கைதட்டினாள். அவள் செப்டம்பரில்தான் இங்கே படிக்க வந்தவள். நான் படத்தின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குப் பின்னால் ஒரு சாண் அளவு துருப்பிடித்த தகரம் தெரிந்தது. அந்தத் தகரத்தின் கீழே, கைக்குழந்தையோடு, என் மற்றத் தங்கை இந்திரா இருக்கிறாள். அவளைப் படத்துக்குள் எடுக்கவில்லை.

இந்தக் கைதட்டல் எப்படி வந்தது என்பதை ஊரில் இருக்கிற உங்களுக்குச் சொல்கிறேன். இங்கேயும் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

2

மட்டக்களப்பில் பிறந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்ற ஊர்க்காரருக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது. மாப்பிள்ளைதான் தன் பெட்டியோடு வந்து சேருவார். ஒரு மகளுக்குக் கலியாணம் முடிந்தால் தாயும் தகப்பனும் வீட்டை அவளுக்கு விட்டுவிட்டு, அதே வளவுக் காணியின் மூலையில் ஒரு கொட்டில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். பிறகு அடுத்தவளுக்குக் கல் சேர்க்கத் தொடங்குவார்கள். மகள்களுக்கு எல்லாம் கொடுத்துவிட்டுக் கொட்டிலில் சாகிற தகப்பன்தான் எங்கள் ஊரில் மரியாதையோடு செத்தவன். மகளின் வீட்டுக்குள் கிடந்து செத்தால், கடைசி வரைக்கும் அவளுக்கு அதைக் கொடுக்க மனம் வரவில்லை என்று செத்தவீட்டிலேயே கதைப்பார்கள்.

எங்கள் பழைய ஊர் ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மணல் துண்டு. வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். அப்பா கரைவலைக்குப் போவார். கடல் அடிக்கிற காலத்தில் ஆற்றில் இறால் பிடிப்பார். நான் பெரியபிள்ளையான வருடத்தில் இருந்து எனக்கென்று சீமெந்துக் கல் அரிந்து தென்னைக்குக் கீழே அடுக்கிவந்தார். கடல் வந்த காலையில் வீடும் போனது, கல்லும் போனது. பிறகு ஆற்றோரத்துச் சேற்றில் ஒரு கல் கிடந்தது. அப்பா போய்ப் புரட்டிப் பார்த்துவிட்டு வந்து, "நம்மட கல்தான்" என்றார். அதைத் தூக்கிவரவில்லை. ஒரு கல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது.

அகதிக் கூடாரத்தில் இருந்தபோது எங்களுக்கு இரண்டு விடயங்கள் ஒன்றாக வந்தன. ஒரு வெளிநாட்டு அமைப்பு, கடலில் இருந்து தள்ளி, குடும்பத்துக்கு ஒரு கல்வீடு கட்டித்தருவதாகச் சொன்னது. இந்த நிதியம், ஊரை முன்னேற்றுவதற்காக ஒரு பெண்பிள்ளையை வெளிநாட்டில் சமூக அபிவிருத்தி படிக்கவைக்கப்போவதாகச் சொன்னது. எங்கள் குடும்பத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். அப்பா கைநாட்டு. தரப்பாள் கட்டிய பள்ளிக்கூடத்தில் நேர்முகம் நடந்தபோது, எனக்கு முன்னால் போன பிள்ளைகள் அழுதுகொண்டு வந்தார்கள். நான் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு வந்தேன். என்னைத்தான் எடுத்தார்கள்.

அன்று பின்னேரம் அம்மா என்னைக் கூப்பிட்டு இருத்தினார். அம்மாவின் தம்பி, எங்கள் தாய்மாமா, கூடாரத்துக் கயிற்றை இறுக்கிக்கொண்டு நின்றார்.

"மகள், வீடு ஒண்டுதான் வருகுது. பொம்புளப் புள்ளையள் மூணு. நீ படிப்ப எடுக்கப்போறியா, வீட்ட எடுக்கப்போறியா? ரெண்டும் தர ஏலா."

"படிப்பு."

"மறுகா வந்து வீடெண்டு நிக்கப்படாது."

"நிக்கமாட்டன். வீட்ட இந்திராவுக்குக் குடுங்க."

"அப்ப சின்னவளுக்கு?"

"வதனிய நான் பாக்கிறன். என்னப்போல அவளும் படிச்சுப் போவாள்."

மாமா கயிற்றை முடிந்துவிட்டுச் சொன்னார்: "சரி, நான் கேட்டுட்டன்." எங்கள் வீடுகளில் தாய்மாமன் கேட்டால் அது உறுதி எழுதியதற்குச் சமம்.

இதில் எனக்கு எந்தத் துக்கமும் இல்லை. ஒன்றைத் தெரிந்துதான் எடுத்தேன், மற்றதைத் தெரிந்துதான் விட்டேன்.

3

இங்கே என் பெயர் மிஸ் கந்தையா. கந்தையா என் அப்பா. வங்கியிலும் வைத்தியரிடத்திலும் அந்தப் பெயரைக் கூப்பிடும்போது, இறால் மணத்தோடு அவர் எழுந்து போகப்போகிறார் என்று இன்னமும் ஒரு கணம் நினைக்கிறேன். முதல் மாதங்களில் வெளியே போகும்போது வீட்டுக்காரம்மாவிடம் ஆங்கிலத்தில் "வாறன்" என்று சொல்லிவிட்டுப் போவேன். அவர் தேநீர் ஊற்றி வைத்துக்கொண்டு காத்திருப்பார். இப்போது "போகிறேன்" என்று சொல்லப் பழகிவிட்டேன். வாய்க்கு அது சுலபமாகவே வருகிறது.

விசா நீட்டும்போது நிரந்தர முகவரி கேட்பார்கள். நான் கொடுப்பது இந்திராவின் வீட்டு முகவரி. ஒருமுறை பல்கலைக்கழக அலுவலகத்தில் ஒரு பெண் கேட்டாள்: "இது பெற்றோர் வீடா?"

"தங்கையின் வீடு."

"பெற்றோர் எங்கே இருக்கிறார்கள்?"

"அதற்குப் பின்னால்."

அவள் என்னைப் பார்த்த பார்வையை அன்றைக்கே நான் கவனித்திருக்கலாம். அவசரம், வந்துவிட்டேன்.

போர் முடிந்தது என்று செய்தி வந்த மே மாதத்தில், நிதியக்காரர் எனக்குக் கேக் வெட்டினார்கள். "உங்கள் போர் முடிந்துவிட்டது" என்றார்கள். மாமா, வாகரையில் சண்டை வந்து சனம் கலைந்த காலத்தில், கடைசிப் போர் நடந்த வன்னிக்குப் போய்ச் சேர்ந்தவர். கேக்குக்கு முதல் நாள்தான் அம்மா தொலைபேசியில் சொல்லியிருந்தார்: "ஒரு காம்பிலயும் மாமாட பேர் இல்லையாம் மகள். எல்லாத்திலயும் கேட்டாச்சு." நான் கேக் சாப்பிட்டேன். மாமாவைப் பற்றி வாய் திறக்கவில்லை. நிதியத்தின் மேடையில் கடலுக்கு மட்டும்தான் இடம். போரைப் பற்றிப் பேசினால் கொடுக்கிறவர்களுக்குச் சங்கடம் என்று முதல் வருடமே, மிகவும் அன்பாக, எனக்குச் சொல்லிவைத்திருந்தார்கள்.

கேக்கோடு இன்னொரு நல்ல செய்தியும் இருந்தது. இனிப் பயமில்லாமல் ஊருக்குப் போய்வரலாம் என்றார் மார்கரெட் அம்மையார். அந்த வருடம் மாரிமழை பிடிப்பதற்கு முன் போனார்.

4

அவர் வந்துபோனதை அம்மா எனக்குத் தொலைபேசியில் சந்தோசமாகச் சொன்னார். அந்தக் குரல் எனக்கு இன்னும் அப்படியே கேட்கிறது.

"நல்ல மனிசி மகள். எளனி வெட்டிக் குடுத்தன், சொட்டு மிச்சம் வைக்காமக் குடிச்சா. கொட்டிலுக்குள்ள எல்லாம் குனிஞ்சு பாத்தா. 'நீங்க எங்க படுக்கிற' எண்டு கேட்டா. நான் சொன்னன், இந்திராவுக்குத் தாலி ஏறின நாளில இருந்து அந்த வீட்டுக்குள்ள நானும் மனிசனும் ஒரு ராத்திரி தல சாய்ச்சதில்ல எண்டு. கூட வந்த பொடியன் அத அப்பிடியே இங்கிலீசில சொன்னான். அவட கண் ரெண்டும் கலங்கிட்டுது. நம்மட பெரும அவவுக்கும் விளங்கிட்டுது, பாத்தியா."

எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. வெளிநாட்டுப் பெண் கண் கலங்கும் அளவுக்கு என் அம்மா கொடுத்தவர்.

போன வருட விருந்தில் முதல் படம் திரையில் விழுந்தது. கொட்டில் வாசலில் குந்தியிருக்கிற அம்மா. அடுத்த படம், நீலக் கதவு போட்ட கல்வீடு. வாசலில் காதில் தோட்டோடு இந்திரா. அம்மா கொஞ்சம் சதை வைத்திருக்கிறார் என்று நான் சந்தோசப்பட்டுக்கொண்டிருந்தபோது, மண்டபம் முழுக்க ஒரு பெருமூச்சு எழுந்தது. பின்மேசையில் ஒரு கிழவர் இந்திராவைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவர்கள் பார்ப்பது வேறு ஒன்று என்று அப்போதுதான் எனக்குப் பட்டது.

தை மாதத்தில் நிர்வாகக் குழு என்னை மார்கரெட் அம்மையாரின் வீட்டுக்குக் கூப்பிட்டது. குழு என்பது அவரும், பொருளாளரும், பேசாமல் தலையாட்டுகிற இரண்டு பேரும். பொருளாளர் ஓய்வுபெற்ற பள்ளி அதிபர்.

"உன் தங்கை பெற்றோரை வெளியே போட்டிருக்கிறாள்" என்றார் அவர்.

நான் விளக்கினேன். உங்களுக்கு மேலே எழுதியதைவிட நன்றாகவே விளக்கினேன். அந்தக் கிழமைதான் இதே வழக்கத்தைப் பற்றி எழுதிய கட்டுரைக்கு வகுப்பில் முதல் இடம் வாங்கியிருந்தேன். சமூகத்தின் குரலைக் கேட்பது எப்படி என்பது அந்தப் பாடத்தின் பெயர். அதற்கான கட்டணத்தைச் செலுத்தியதும் இந்த நான்கு பேர்தான்.

"உன் அம்மா என்னிடம் எதையும் மறைக்கவில்லை" என்றார் மார்கரெட் அம்மையார். "திருமணத்துக்குப் பிறகு ஒரு இரவுகூட உள்ளே படுக்கவில்லை என்று அவரே சொன்னார்."

"அது முறைப்பாடு இல்லை. பெருமைக்குச் சொன்னது."

"தகரத்துக்குக் கீழே படுப்பதை யாரும் பெருமையாகச் சொல்வதில்லை" என்றார் அதிபர்.

"நீ அங்கே வளர்ந்தவள்" என்று மார்கரெட் அம்மையார் என் முழங்காலில் தட்டினார். "உனக்கு அது பழகியிருக்கும், பாவம்."

தீர்மானத்தை எடுத்துவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அம்மாவும் அப்பாவும் கல்வீட்டுக்குள் வாழ வேண்டும். அதன் பிறகுதான், நான் கேட்டிருந்த வதனியின் படிப்பைப் பற்றிப் பேச்சு. மட்டக்களப்பில் அவர்களுடைய அலுவலர் அவ்வப்போது சொல்லாமல் போய்ப் பார்ப்பார். எல்லாம் எங்கள் குடும்பத்தின் கண்ணியத்துக்காக என்றார்கள். திரும்பும்போது ஒரு டப்பா நிறைய பிஸ்கட் தந்துவிட்டார்கள்.

5

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன். எல்லோரும் கொட்டில் வாசலில், ஒரு தொலைபேசியைச் சுற்றி.

அம்மா முதலில் சிரித்தார். "இவ்வளவுதானா? ரெண்டு நாள் உள்ள படுத்து எழும்பி ஒரு படம் எடுத்து அனுப்புவம்."

"ரெண்டு நாள் இல்லம்மா. அவங்கட ஆள் நெனச்ச நேரம் வந்து பாப்பான். பாய் எங்க கிடக்கு, சட்டி எங்க கிடக்கு எண்டு பாப்பான்."

அப்பாவின் குரல் தூரத்தில் இருந்து வந்தது. "மருமகன் படுக்கிற வீட்டுக்குள்ள நான் பாயச் சுருட்டிக்கிட்டுப் போறதா? என்ட தோணிய உடைச்சு அடுப்புக்கு வைக்கச் சொல்லு, வைக்கிறன்."

இந்திரா தொலைபேசியை வாங்கினாள். "அக்கா, வீடு என்ட எண்டு சொல்லித்தான் அவரக் கூட்டிவந்தது. இப்ப அம்மா உள்ள வந்தா வீடு எனக்குத் தரல்ல எண்டுதான் ஊர் சொல்லும். அவர் நிப்பாரா?"

"நில்லாட்டிப் போகட்டும்."

"நீ சொல்லுவாய். உனக்குக் கலியாணமா காட்சியா."

"எனக்கு வீடே இல்ல இந்திரா. அத உன்னட்டத் தந்திட்டுத்தான் வந்தன்."

"தந்தத இப்ப திருப்பி எடுக்கிறாய்."

பிறகு வதனி. அவள் அதுவரை பேசவில்லை. "அக்கா, நான் ஏஎல் சோதின முடிச்சிட்டன். வீடு இந்திராக்காவுக்கு. படிப்பு உனக்கு. எனக்கு என்ன இரிக்கி?"

நான் அம்மாவைக் கூப்பிட்டு, "உள்ள போங்க" என்றேன். இன்று கேட்டாலும் அதையே சொல்வேன். மூன்று பேரில் ஒன்றும் இல்லாமல் நின்றவள் அவள் ஒருத்திதான். அவளுக்கு நான் வாக்குச் சொல்லியிருந்தேன்.

அம்மா உள்ளே போனார். அப்பா ஒரு கிழமை தோணியில் படுத்துவிட்டு, பிறகு போனார். இந்திராவின் புருசன் தேவன் கெட்டவன் இல்லை. மேசன் வேலை தெரிந்தவன், அந்த வீட்டுக்கு விறாந்தை இறக்கியதே அவன்தான். வலை இழுக்கிற இடத்தில் அவனைச் சும்மா விடவில்லை. "என்ன மச்சான், மாமிக்குப் பாய் விரிச்சாச்சா?" என்பார்களாம். "கதவத் தட்டிட்டா உள்ள போற?" என்பார்களாம். எங்கள் பக்கத்தில் மருமகனுக்கு முன்னால் மாமி உரத்துப் பேசவும் மாட்டார். ஒரே கூரைக்குள் இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு நடந்தார்கள். சித்திரை வருடப்பிறப்புக்கு முன் அவன் தன் பெட்டியை எடுத்துக்கொண்டு கொக்கட்டிச்சோலைப் பக்கம், தாய் வீட்டுக்குப் போய்விட்டான். அவனிடம் போய்ப் பேசக்கூடிய ஒரே ஆள் மாமா. வீடு யாருக்கு என்று கூடாரத்தில் கேட்ட சாட்சியும் அவர்தான். அவருடைய பெயர்தான் எந்த முகாமிலும் இல்லையே.

இந்திராவுக்கு அப்போது வயிற்றில் பிள்ளை. "இது இனி அம்மாட வீடு, எனக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டுக் கொட்டிலுக்குப் போனாள். பிள்ளை பிறந்து ஆசுபத்திரியில் இருந்து வந்தபோதும் முன்வாசலால் ஏறவில்லை, வளவைச் சுற்றிப் பின்னுக்குப் போனாள். அம்மா கூப்பிட்டுப் பார்த்தார். அவளும் எங்கள் அம்மாவின் மகள்தான். கூப்பிட்டால் வருகிற சாதி இல்லை.

நிதியத்தின் அலுவலர் மூன்று தடவை போனார். பாய் உள்ளே இருந்தது. சட்டி உள்ளே இருந்தது. கொட்டிலைப் பார்த்து, "அது என்ன" என்று கேட்டாராம். "மகள் இரிக்கா" என்றார் அம்மா. பெற்றோர் எங்கே என்று பார்க்கத்தான் அவரை அனுப்பியது. அவர் பார்த்துவிட்டுப் போனார். வதனிக்கு இடம் கிடைத்தது.

6

இந்த வருட விருந்துக்குத் திரும்புகிறேன். கைதட்டல் முடிந்தது. என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். படம் இன்னும் திரையில் இருந்தது.

நான் கடலைப் பற்றிப் பேசவில்லை. திரைக்குப் பக்கத்தில் போய், அந்தத் தகரத்தின் மேல் விரலை வைத்தேன். இதற்குக் கீழே என் தங்கை பிள்ளையோடு இருக்கிறாள், இது அவளுடைய வீடு, உங்கள் நிபந்தனையால் புருசன் போய்விட்டான் என்று, இலக்கணப் பிழை இல்லாத ஆங்கிலத்தில், அழாமல் சொன்னேன்.

பிறகு அதிபர், உண்மையான அக்கறையோடு கேட்டார்: "வீட்டில் இரண்டு அறை இருக்கிறதே. எல்லோரும் ஒன்றாக இருக்கலாமே?"

முன்மேசையில் ஒரு பெண், குழந்தைக்குக் கம்பளித் தொப்பி பின்னி அனுப்பட்டுமா என்று கேட்டார்.

மார்கரெட் அம்மையார் வந்து என் தோளைத் தொட்டார். "நன்றி சொல்வது எவ்வளவு கடினம் என்று எங்களுக்குத் தெரியும், கண்ணே" என்று மெதுவாகச் சொல்லி என்னைக் கதிரைக்குக் கொண்டுபோய் விட்டார். அடுத்ததாக வதனியைக் கூப்பிட்டார்.

வதனி எழுந்தாள். சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். அவளுடைய ஆங்கிலம் இன்னும் தடுக்கும். அன்று அது அவளுக்கு உதவியது. தண்ணீர் கதவளவு உயரத்தில் வந்ததைச் சொன்னாள். அம்மாவின் கை தன் கையில் இருந்து வழுக்கியதைச் சொன்னாள். அந்த இடத்தில் அழுதாள். "இன்றைக்கு என் அம்மா தன்னுடைய சொந்த வீட்டில் படுக்கிறார், உங்களால்" என்று முடித்தாள். பின்மேசைக் கிழவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. எனக்கு எந்த வருடமும் எழுந்து நின்றதில்லை.

அவள் வந்து உட்கார்ந்தாள். கன்னத்தைத் துடைத்தாள்.

"என்ன கா அப்பிடிப் பாக்கிறாய்?"

"அண்டைக்கு நீ செங்கலடியில பெரியம்மா வீட்ட நிண்டாய். கடலக் காணவே இல்ல."

"ஓம். அதுக்கென்ன."

"இந்திராவப் பத்தி நான் சொல்லிட்டு வாறன். நீ போய்..."

"உனக்குப் படிப்பு முடியப்போகுது, நீ சொல்லுவாய்" என்றாள். திரையைப் பார்த்துச் சிரித்த முகத்தோடுதான் இதைச் சொன்னாள், தூரத்தில் இருந்து பார்க்கிறவர்களுக்காக. "எனக்கு இப்பதான் தொடங்குது. இந்திராக்காட வீட்டில மிதிச்சு ஏறித்தான் நான் இஞ்ச வந்திரிக்கன். ஏத்திவிட்டதும் நீதான். இப்ப இறக்கிவிடப் பாக்காத."

நேர்முகத்தில் அழாமல் வந்த என்னை எடுத்தார்கள் என்று இத்தனை வருடம் பெருமைப்பட்டேன். இவள் அழத் தெரிந்தவள். இவள் இங்கே நன்றாக வருவாள்.

இனிப்பு வந்தது. மார்கரெட் அம்மையார் வந்து வதனியை அணைத்துக்கொண்டார். வதனி அந்தத் தோளில் தலையைச் சாய்த்துக் கொடுத்தாள். அம்மாவுக்கு அனுப்ப ஒரு படம் எடுக்கும்படி என்னிடம் கமராவைத் தந்தார்கள்.

நான்தான் எடுத்தேன். பின்னால் திரையில் அந்தத் தகரம் இன்னும் தெரிந்துகொண்டிருந்தது. இரண்டடி இடப்பக்கம் தள்ளி நின்று, அது படத்துக்குள் விழாமல் எடுத்தேன்.